விடிந்தும் போகாத பேச்சு: குடி, அவசரம், அடக்கம் பற்றிச் சில குறிப்புகள்

1

சிதம்பரம் கீழவீதியில் ஒரு டீக்கடையில் வைத்து, எனக்குத் தெரிந்த உளவியல் மாணவி ஒருவர் ஒரு வினாநிரலைத் தமிழாக்கிக் கொண்டுவந்து காட்டினார். குடியை நிறுத்த சிகிச்சைக்கு வருபவர்களிடம் கொடுத்து நிரப்பி வாங்கவேண்டிய தாள் அது. மனம் கலங்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள், யோசித்துச் செய்கிறீர்களா, கை மீறிப் போகிறதா என்ற ரீதியில் பல வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள். 'அண்ணே, தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்க' என்றார்.

தமிழ் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார். கடலூர் முதுநகர்ப் பக்கம் மூட்டை தூக்கும் ஒருவரிடம் இதை வாசித்துக் காட்டியிருக்கிறார். 'மனசு சரியில்லாதபோது' என்று தொடங்கும் வாக்கியம் வந்ததும் அவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். 'அது எப்பம்மா சரியா இருந்துச்சு? அத மொதல்ல சொல்லு, மிச்சத்துக்கு நான் பதில் சொல்றேன்.' மாணவிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றியது. இதை நான் வெளியே நின்றுகொண்டு எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வரும்.

2

இம்மாதிரி வினாநிரல்களை நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்கள் சுலபமாகக் கேலி செய்துவிடலாம். 'தன்னிலையைக் கண்காணிக்கும் கருவி', 'அறிவு வேடமிட்ட அதிகாரம்' என்று இரண்டு வாக்கியம் எழுதினால் வேலை முடிந்தது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால், இந்தத் துறையில் நடந்திருக்கும் ஆய்வுகளைக் கொஞ்சம் படித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நாம் அவர்கள் சொல்வதாக நினைத்துக்கொண்டிருப்பதும் அவர்கள் உண்மையில் சொல்வதும் ஒன்றில்லை.

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்கிறோம். குடிகாரனைப் பற்றிய நமது பொதுப்புத்தி முழுவதும் இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும்: அவனுக்கு அவசரபுத்தி, பின்விளைவை யோசிக்கத் தெரியாது, அடக்கம் கிடையாது. ஆனால் 2001-இல் வைட்சைட், லைனம் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த 'அவசரபுத்தி' ஒற்றைப் பொருளே கிடையாது என்று காட்டினார்கள். முன்யோசனை இல்லாமை ஒன்று. எடுத்த காரியத்தில் நிலைக்க முடியாமை மற்றொன்று. புதிய கிளர்ச்சிகளைத் தேடிப் போவது மூன்றாவது. வேதனை தாங்காமல், அந்த நிமிஷமே எதையாவது செய்துவிடத் துடிப்பது நான்காவது. இந்தக் கடைசியை 'வேதனையின் அவசரம்' என்று இங்கே அழைக்கிறேன். 2007-இல் வேறு ஆய்வாளர்கள் 'மகிழ்ச்சியின் அவசரம்' என்பதையும் சேர்த்தார்கள். சந்தோஷம் தலைக்கேறினாலும் மனிதன் எதையாவது செய்துவிடுகிறான்.

இதைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு முடிவு நமக்கு முக்கியம். ஒருவன் எவ்வளவு குடிக்கிறான், எத்தனை தடவை குடிக்கிறான் என்பதோடு கிளர்ச்சி தேடும் குணம் அதிகம் ஒட்டிவருகிறது. அவனது குடி சிக்கலாக மாறுவதோடு, அதாவது அடிதடி, கடன், வேலை போவது, வீடு உடைவது ஆகியவற்றோடு, வேதனையின் அவசரம்தான் அதிகம் ஒட்டிவருகிறது. ஆக, அளவு வேறு, சிக்கல் வேறு. அரசாங்கம் பெட்டிக் கணக்குப் பார்க்கிறது. ஒழுக்கவாதி தலைக்கணக்குப் பார்க்கிறான். இந்த இரண்டு கணக்கிலும் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெரியவராது.

2004-இல் கிராட்ஸ், ரோமர் என்ற இருவர் உருவாக்கிய 36 வாக்கிய அளவுகோல் இன்று உலகமெங்கும் புழங்குகிறது. உணர்ச்சியை நெறிப்படுத்துவதில் உள்ள இடர்ப்பாடுகளை அது ஆறாகப் பிரிக்கிறது. தனக்குள் எழுவதைக் கவனிக்காமை, அது இன்னதென்று தெளியாமை, அதை ஒப்புக்கொள்ள முடியாமை ஆகியவை அவற்றில் மூன்று. வேதனையிலும் கைவேலையைத் தொடர முடியாமை, உந்துதலைத் தடுக்க முடியாமை, ஆற்றிக்கொள்ள வழி தெரியாமை ஆகியவை மற்ற மூன்று. இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'அடக்குவது' என்ற நமது பண்பாட்டுச் சொல்லுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. உணர்ச்சியை அமுக்கி வைத்திருப்பவனை இந்த அளவுகோல் ஆரோக்கியமானவனாகக் கருதாது. அறிவது, பெயர் சொல்வது, ஏற்றுக்கொள்வது இவைதான் இங்கே 'நெறி'. 1985-லேயே கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர், போதையை நாடுபவன் இன்பத்தைத் தேடிப் போகிறான் என்பதைவிட, தாங்கமுடியாத உணர்வுக்குத் தானே மருந்து போட்டுக்கொள்கிறான் என்று சொல்வதே பொருந்தும் என்று வாதிட்டிருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, இது நமது ஒழுக்க நூல்களைவிட மனிதாபிமானமுள்ள அறிவு. என் தகராறு வேறு. இவை எல்லாவற்றையும் அந்த அளவுகோல் ஒருவனது மண்டைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. உணர்ச்சியைக் கவனிக்க நேரம் வேண்டும். பெயர் சொல்லக் கேட்பதற்கு ஆள் வேண்டும். ஆற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். இவை ஊரில் எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை. முதுநகர்த் தொழிலாளி கேட்ட கேள்வி இதுதான்.

3

அடக்கம் யாரிடம் எதிர்பார்க்கப்பட்டது என்று கேட்டால் சில வேடிக்கைகள் தெரியவரும். திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே இருக்கிறது. புலால் மறுத்தல் துறவறவியலில் இருக்க, கள் மட்டும் ஏன் இங்கே வந்தது? அந்த அதிகாரத்தின் முதல் குறளே கள்ளை விரும்புபவனுக்குப் பகைவர் அஞ்சமாட்டார்கள் என்ற கவலையோடுதான் தொடங்குகிறது. ஆள்பவனுக்கான எச்சரிக்கை அது. 1984-இல் வெளிவந்த 'பாலியலின் வரலாறு' இரண்டாம் தொகுதியில் ஃபூக்கோ பழைய கிரேக்கர்களைப் பற்றிச் சொல்வதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. தன்னை ஆளத் தெரிந்தவனே பிறரை ஆளலாம் என்பது அங்கே சுதந்திர ஆணின் ஒழுக்கம். அடிமையிடம் அது எதிர்பார்க்கப்படவில்லை. அடக்கம் என்பது ஆள்வதற்கான தகுதிச் சான்றிதழ்.

இதற்கு மறுபக்கம் சிதம்பரத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியை வருணிக்கும்போது பறையொலியோடு கள்ளுண்ட களிப்பையும் சேர்த்தே காட்டுகிறார். அங்கிருந்து புறப்படும் நந்தனின் பெயரோ 'திருநாளைப்போவார்'. நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லியே காலம் கழித்தவர். இன்றைய உளவியலில் 'தள்ளிப்போடும் திறன்' என்று ஒன்றைப் பெரிதாகப் பேசுகிறார்கள். இப்போது கிடைக்கும் சிறு லாபத்தை விட்டுவிட்டுப் பின்னால் வரும் பெரிய பயனுக்குக் காத்திருப்பது அது. அவசரபுத்திக்காரனுக்கு இது கிடையாது என்பார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தமிழ் மரபில் நந்தனைவிட அடக்கமுள்ளவன் எவன்? ஆனால் அவன் 'நாளை' அவன் கையில் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில் அது பண்ணையாரின் கையில் இருக்கிறது. காத்திருந்து காத்திருந்து தில்லைக்கு வந்தவனுக்குக் கிடைத்ததும் தீதான். நாளை என்பது தனக்குச் சொந்தமில்லாத ஒருவனிடம் போய் 'நீ ஏன் நாளையைப் பற்றி யோசிப்பதில்லை?' என்று ஐந்து எண்களில் பதில் கேட்பதில் என்ன அர்த்தம்?

இதைப் புராணத்தோடு நிறுத்தவேண்டியதில்லை. பழைய தென்னார்க்காட்டின் கரும்பு வயல்களிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோரின் ஆய்வு 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகள் இதில் பங்கெடுத்தார்கள். கரும்புக்குப் பணம் வெட்டு முடிந்த பிறகு மொத்தமாக வரும். அதற்கு முந்திய மாதங்கள் கடனும் அடகுமாக ஓடும். ஒரே மனிதரை வெட்டுக்கு முன்னும் வெட்டுக்குப் பின்னும் சோதித்தார்கள். அதில் ஒரு சோதனை: தாளில் 5 5 5 என்று இருக்கும். வாயில் முதலில் வருகிற 'ஐந்து' என்பதை விழுங்கிவிட்டு, எத்தனை எண்கள் இருக்கின்றனவோ அதை, 'மூன்று' என்று சொல்லவேண்டும். வருகிற உந்துதலைத் தடுக்கும் சக்தியை அளக்கிற சோதனை இது. வெட்டுக்கு முன்னால் அதே விவசாயி அதிக நேரம் எடுத்துக்கொண்டார், அதிகம் தவறினார். இதன் புள்ளிவிவர முறை பற்றி மறுப்புகளும் அதே இதழில் வந்தன, அதையும் சொல்லவேண்டும். ஆனாலும் இது எழுப்பும் கேள்வி போய்விடவில்லை. கையில் காசு வரும் மாதத்தில் கூடி, வராத மாதத்தில் குறைகிற ஒன்றை ஒருவனது குணம் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கரும்பின் சர்க்கரைப்பாகுக் கழிவிலிருந்துதான் இந்த மாநிலத்தின் குவார்ட்டர் பாட்டில்களுக்கு எரிசாராயம் வருகிறது என்பதை நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று சென்னையில் நடந்தது. ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களிடம் நடத்திய சோதனை, 2019-இல் வெளியானது. பகலில் குடிக்காமல் வந்தால் பணம் என்று ஒரு பகுதியினருக்குச் சொன்னார்கள். பகலில் குடிக்காமல் இருந்த நேரம் கூடியது, சேமிப்பும் சுமார் 50 சதவீதம் உயர்ந்தது. அதைவிட முக்கியம், கணிசமானோர் 'சும்மா கிடைக்கும் பணம் வேண்டாம், குடிக்காவிட்டால் மட்டும் தருகிற பணத்தையே கொடுங்கள்' என்று தாங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குத் தங்கள் நிலைமை தெரியும், தங்களைக் கட்டிப்போடும் கயிற்றைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள். யோசிக்கத் தெரியாதவன் இப்படியா செய்வான்?

4

இரண்டாவது பழமொழிக்கு வருகிறேன். 'குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.' இது குடிகாரனின் குணத்தைச் சொல்வதாக நினைக்கிறோம். எனக்கு இது ஓர் ஒப்பந்தம் போலத் தெரிகிறது. ராத்திரி நீ என்ன வேண்டுமானாலும் பேசு, காலையில் அதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டோம்.

1969-இல் மக்ஆண்ட்ரூ, எட்ஜெர்ட்டன் என்ற இருவர் குடிவெறி நடத்தை பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். பல சமூகங்களை ஒப்பிட்டு அவர்கள் சொன்னது: சாராயம் மூளையில் உள்ள 'தடை'யை அவிழ்த்துவிடுகிறது என்பது முழு உண்மை இல்லை. குடித்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சமூகம்தான் கற்றுத்தருகிறது. பல இடங்களில் குடி ஓர் 'ஓய்வு நேரம்', வழக்கமான விதிகள் கொஞ்ச நேரத்துக்கு அமலில் இல்லாத நேரம். நமது ஊர் ஆணுக்கு இந்த ஓய்வு எதற்குத் தேவைப்படுகிறது? பெரும்பாலும் அழுவதற்கு. அடுத்தபடியாக, மேலே இருப்பவனை ஒருமையில் திட்டுவதற்கு. கடலூரிலிருந்து ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி எல்லையில் முள்ளோடை. அங்கே கடைகளில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் தெரியும். தோளில் கைபோட்டு 'நீ மட்டும் இல்லன்னா நான் செத்துருப்பண்டா' என்று ஒருவன் இன்னொருவனிடம் சொல்வதைக் கேட்கலாம். அந்த வாக்கியத்தை மஞ்சக்குப்பம் மைதானத்தில், வெயிலில், தெளிவாக நின்று சொல்ல நம் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. ஆக, உணர்ச்சியை 'நெறிப்படுத்த' ஊர் ஒதுக்கிக்கொடுத்திருக்கும் ஒரே அறை பார்தான். அந்த அறையில் பேசியது எதுவும் செல்லாது என்பது அறையின் விதி.

இந்த விதியை நானும் அமல்படுத்தியிருக்கிறேன். 1990-களின் பிற்பாதியில் சிதம்பரத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுவோம். கூட்டம் முடிந்து லாட்ஜ் அறைக்குப் போவோம். எங்களில் ஒருவர் நல்ல கதைகள் எழுதியவர், அரசு குமாஸ்தா, சேரியிலிருந்து வந்தவர். பகலில் அவர் அவ்வளவாகப் பேசமாட்டார். பாதி பாட்டில் ஆனதும் தன் அலுவலகத்தில் தனக்கென்று தனியாக வைத்திருக்கும் டம்ளரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பிறகு கத்துவார். ஒருநாள் எங்களையும் சேர்த்துத் திட்டினார்: 'நீங்கள்ளாம் என் கதையத்தாண்டா படிப்பீங்க, என் வூட்ல தண்ணி குடிப்பீங்களாடா?' ஒருவர் சட்டையைப் பிடித்தார். நாங்கள் படுக்க வைத்தோம். காலையில் டீ வந்தது. 'ராத்திரி கொஞ்சம் ஓவரு' என்று ஒருவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

எல்லா மாதமும் இப்படித்தான். குடியில்தான் அதைச் சொல்ல முடியும், குடியில் சொன்னதால் அது செல்லாது. செல்லாததால் அடுத்த மாதம் மறுபடி சொல்லவேண்டியிருந்தது. அதற்கு மறுபடி குடிக்கவேண்டியிருந்தது. வேதனையின் அவசரம் என்று உளவியல் பெயரிடுவதை நான் இந்தச் சுற்றாகத்தான் புரிந்துகொள்கிறேன். அதன் ஒரு பாதி அவருக்குள் இருந்தது. மறுபாதி எங்களிடம் இருந்தது. 2009-இல் கல்லீரல் கெட்டு இறந்தார். வயது நாற்பத்தாறு. அடக்கம் இல்லாத மனுஷன், நல்ல எழுத்தாளன், வீணாப் போயிட்டான் என்று அஞ்சலிக் கூட்டத்தில் பேசினார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் பேசினேன்.

5

இந்த இடத்தில் நம் பத்திரிகைகளின் பழைய பாட்டு ஒன்றையும் விசாரிக்கவேண்டும். கள் மண்ணின் பானம், குடி எதிர்க்கலாச்சாரம், அடக்கம் மேல்சாதி மதிப்பீடு என்றெல்லாம் எழுதினோம். மேலே நானே காட்டியபடி அதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் ஒழுக்கவாதி 'இவன் இயல்பே இப்படி' என்று இகழ்ந்ததை நாம் 'இவன் இயல்பே இப்படி' என்று புகழ்ந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேருமே அவனிடம் என்ன வலிக்கிறது என்று கேட்கவில்லை. அவன் வீட்டுப் பெண்ணிடம் இரண்டு பேருமே எதையும் கேட்கவில்லை. கட்டற்ற களிப்பு என்று நாம் எழுதியதை அவள் முதுகில் வாங்கினாள். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மாநாடு மகளிர் மாநாடாக நடந்தது தற்செயலானதில்லை.

அந்த மாநாட்டுக்கு முந்திய ஜூனில்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் மரக்காணம். 2001-இல் பண்ருட்டி. 1993-இல் பிரிக்கப்படும்வரை இவை மூன்றும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். கருணாபுரத்தில் முதலில் இறந்தவர்களின் சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. பத்திரிகை படித்தவர்கள் 'என்ன ஜனங்கள் இவர்கள், கண் முன்னால் பிணம் கிடக்கிறதே' என்றார்கள். எனக்கோ, சாவு வீட்டுத் துக்கத்தை வைத்துக்கொள்ள வேறு பாத்திரம் அந்தத் தெருவில் என்ன இருந்தது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. பாக்கெட் சாராயம் டாஸ்மாக் குவார்ட்டரைவிட வெகு மலிவு. அதோடு, பகல் பன்னிரண்டு மணிவரை காத்திருக்க வேண்டாம்.

அரசாங்கத்தின் அடக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட அரசு, 2023-24-இல் மது வழியாக ஈட்டிய வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 500 கடைகளை மூடுவதாக 2016-லும் 2017-லும் 2023-லும் அறிவிப்புகள் வந்தன. நாளை மூடுவோம் என்பதும் ஒரு திருநாளைப்போவார் பேச்சுத்தான். இன்றைய காசை விடமுடியாமல் நாளைய சேதத்தைப் பார்க்க மறுப்பதற்கு உளவியலில் என்ன பெயர் என்பதை மேலே பார்த்தோம். அந்த வினாநிரலைக் கோட்டையில் யாரும் நிரப்புவதில்லை.

கடையை மூடுவதா வேண்டாமா என்ற விவாதத்தில் நான் மூடச் சொல்லும் பெண்கள் பக்கம்தான். ஆனால் அது போதும் என்று நினைக்கவில்லை. கடையை மூடிய தெருவிலும் அந்தத் தனி டம்ளர் இருக்கும். அதைத் தெளிவாக நின்று சொல்ல ஓர் இடமும், சொன்னது மறுநாளும் செல்லுபடியாகும் என்ற உறுதியும் இல்லாதவரை, மருத்துவமனை ஒருவனுக்கு 'உணர்ச்சியை நெறிப்படுத்த' கற்றுத்தந்து வெளியே அனுப்பினாலும் அவன் அதை எங்கே போய்ச் செய்வான்?

மாணவியிடம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவேண்டாம், அவர் கேட்டதை அப்படியே எழுதி வை என்று சொன்னேன். 'எண்ணு போட்டாத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கும் அண்ணே' என்றார். வாஸ்தவம். கம்ப்யூட்டரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. அன்றைக்குக் காலையில் டீ வந்ததும், 'ராத்திரி சொன்னியே, அத இப்ப திருப்பிச் சொல்லு, கேக்கறோம்' என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் தெளிவாகத்தான் இருந்தார், நாங்களும்தான்.